கடல் குறுக்கே கிடப்பதற்கு மன்னிப்புக் கோரும் விண்ணப்பம்

குறிகட்டுவான் படகுச் சேவைக்குப் பொறுப்பான, அல்லது பொறுப்பு வேறொரு திணைக்களத்துடையது என்று அறிவிக்கும் பொறுப்பையுடைய, கனம் பொருந்திய அதிகாரபீடத்துக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை வழியாகப் புங்குடுதீவுவரை தாம்போதிகளில், அதாவது ஆழங்குறைந்த கடலை மேடாக்கி அமைத்த வீதிகளில், பேருந்து ஓடுகின்றது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அவ்வீதி முடிந்து, நெடுந்தீவு மக்களுக்கு மேலும் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் எஞ்சுகின்றது. நிர்வாகத்துக்கு இத்துணை இடையூறாக அது குறுக்கே கிடப்பதற்குத் தீவார் முதற்கண் மன்னிப்புக் கோருகின்றனர்.

சோளகம் எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் எழுந்து மாதக்கணக்கில் கடலைக் கொந்தளிக்கச் செய்கின்றது. அலுவலக நேரத்தை மதிக்கும் பழக்கம் அதற்கில்லையாதலால், காலைப் படகு புறப்படும் வேளையிலும் பிற்பகல் படகு திரும்பும் வேளையிலும் வீசலாகாது என அதற்கொரு சுற்றறிக்கை அனுப்பப்படுதல் நன்று. தீவு மருத்துவமனையில் தீராத நோய்க்கு யாழ்ப்பாணமே கதியாக இருப்பதால், மாரடைப்பு, பிரசவச் சிக்கல், பாம்புக்கடி ஆகியவற்றைப் படகு நேரத்துக்கு இசைய முன்பதிவு செய்ய ஒரு படிவமும் தேவைப்படுகின்றது. அதனை மூன்று பிரதிகளில் நிரப்பத் தீவார் ஆயத்தமாகவே உள்ளனர்.

குமுதினி, வடதாரகை, அவுஸ்திரேலிய உதவியுடன் 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை எனப் படகுகளின் பெயர்களில் எக்குறையும் இல்லை. பழுதடைந்த படகைத் திருத்தும் செலவு எந்த அலுவலகத்தின் ஒதுக்கீட்டில் அடங்கும் என்பது தெளிவதற்குள் அடுத்த சோளகம் பிறந்துவிடுகின்றது என்பதொன்றே குறை. ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் தீவின் வெளிகளில் கட்டாக்காலியாகத் திரிவதற்கு வரலாற்றாசிரியர் பல காரணம் கூறுவர். திரும்பிச் செல்லும் படகு வராமையை அவற்றுள் ஒன்றாகச் சேர்ப்பதற்குத் தீவாருக்கு அனுபவ ஆதாரம் உண்டு.

ஆகவே அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தை ஆடி மாதத்தில் நெடுந்தீவிலேயே கூட்டி, அதிகாரிகள் அனைவரும் பொதுமக்கள் படகிலேயே வந்துசேருமாறு ஆவன செய்தல் வேண்டும். விவாதம் நீண்டு பிற்பகல் படகு தவறினால் பாயும் இரவுச் சாப்பாடும் வழங்கப்படும். மறுநாளும் படகு ஓடாவிடின், பவளக்கல் மதிலுக்குள் நிழலுள்ள இடமாகப் பார்த்து, குதிரைகளுக்கு அடுத்தபடியாக அவர்களும் குடியமர்த்தப்படுவர்.

இவ்வண்ணம்,
காலைப் படகுக்காகக் காத்திருக்கும் தீவார்