384 அக்காக்கள்

சமூகப்பணியில் பிஎச்.டி. செய்கிற யாரையாவது பிடித்து, "சாம்பிள் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 384 என்பார்கள். கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-ல் ஓர் அட்டவணை போட்டு வைத்தார்கள். மொத்த மக்கள் பத்து லட்சம் என்றால் 384, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் அதே 384. எங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

என் தலைப்பு தர்மபுரி மாவட்ட மகளிர் சுயஉதவிக் குழுக்கள். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட்டின் நிதியுதவியோடு 1989-ல் அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே அங்கேதான். "அருமையான ஃபீல்டு" என்றார் கைடு. ஆய்வாளர்களும் அப்போதிருந்தே அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் பையைத் திறக்குமுன்பே ஊக்குநர் அக்கா, "வயசு, படிப்பு, மாச வருமானம், சொந்த வீடா வாடகையா... அதானே? எழுதிக்க கண்ணு" என்று ஆரம்பித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "பேரு வெளிய சொல்லமாட்டோம்னு மொதல்ல சொல்லணுமே, இந்தப் பொண்ணு சொல்லவே இல்லையே?"

அப்புறம் லிக்கர்ட். 1932-ல் அந்த மனிதர் கொடுத்துவிட்டுப் போன ஐந்து கட்டங்களில்தான் இன்றைக்கும் ஊர்ப்பட்ட மனசுகளை அளக்கிறோம். 'குழுவில் சேர்ந்த பின் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்புக் கூடியுள்ளது' என்று வாசித்தேன். முழுமையாக ஒப்புகிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் வரை, எதையாவது சொல்லலாம். அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"லோன் வர்ற வரைக்கும் கூடும். வாங்கி அந்தாளு கையில குடுத்ததும் கொறைஞ்சிடும். தவணை கட்டுற அன்னிக்கு மறுபடி கூடும்."

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? நடுவில் அடித்தேன். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் அதைக் 'கருத்து இல்லை' என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. நான் பார்த்த 384 பேரில் கருத்துக்குப் பஞ்சமே இல்லாதவர் அவர்தான்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு. நீட்டிப்பு, சலுகை எல்லாம் சேர்த்தால் பெண்களுக்கு 10 ஆண்டு வரை போகலாம். வீட்டில் இரண்டையும்தான் சொன்னேன். மாமியார் காதில் பத்து மட்டும் விழுந்திருக்கிறது.

போன மாதம் ஏதோ விவரம் சரிபார்க்க மறுபடி போனேன். "புத்தகம் முடிஞ்சுதா?" என்றார் ஊக்குநர். மூன்றாம் அத்தியாயம் ரொம்ப நாளாக சார் மேசையில் கிடக்கிறது என்றேன். கூட்டம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பேங்க் மேனேஜரும் எங்க ஃபைல அப்படித்தான் போட்டு வெச்சிருந்தாரு. டிபன் கட்டிக்கிட்டு அத்தனை பேரும் போயி அவரு ரூம் வாசல்ல உக்காந்தோம். மத்தியானத்துக்குள்ள கையெழுத்து. உங்க சாரு எந்த மாடியில இருக்காரு?"