இன்பாக்ஸ் பரிபாலனம்

எங்கள் வீட்டில் என் சொல் செல்லுபடியாகும் ஒரே இடம், மேஜைக் கணினியின் தண்டர்பேர்ட் மெயில்பெட்டி. அங்கே நான் வைத்ததுதான் சட்டம். ‘சங்கம்’ என்று ஒரு ஃபோல்டர். அது அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம். அதற்குள் ‘தண்ணீர் லாரி’, ‘லிஃப்ட்’, ‘சண்டை’ என்று மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் நன்றாக வளர்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு ‘காம்பேக்ட்’ போட உட்காருவேன். “அலமாரியை ஒதுக்கச் சொன்னா முதுகு பிடிச்சுக்குது, கம்ப்யூட்டரை ஒதுக்கறப்ப மட்டும் நிமிர்ந்துக்குதா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். காம்பேக்ட் ஓடும்போது அந்த ஃபோல்டரில் வேறு எதையும் தொடாமல் இருப்பது நல்லது. அந்த விதியை நான் வாய்க்கும் பொருத்திக்கொண்டேன்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பக்கத்திலேயே வந்து நின்றாள். விளக்கியே ஆகவேண்டிய கட்டாயம்.

“ஒரு ஃபோல்டர்ல எத்தனை மெயில் இருந்தாலும் டிஸ்க்ல அது ஒரே ஃபைல். மளிகைக் கணக்கு நோட்டு மாதிரி, வந்தது எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. டெலீட் பண்ணினா அந்த வரியை அடிக்கிறதோட சரி, தாள் குறையாது. காம்பேக்ட் பண்ணினாத்தான் அடிக்காததை மட்டும் புது நோட்டுல எழுதிட்டுப் பழசைத் தூக்கிப் போடும்.”

“டெலீட் பண்ணினது குப்பைத்தொட்டிக்குப் போகும்னு சொல்வீங்களே?”

“அங்கயும் ஒரு காப்பி போகும்.”

“அப்போ ஒரே குப்பையை ரெண்டு இடத்துல வெச்சிருக்கீங்க.”

இவ்வளவு சுருக்கமாக எந்தக் கணினி வல்லுநரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் குப்பை சும்மாவும் கிடப்பதில்லை. இன்பாக்ஸ் என்ற கோப்புக்குப் பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு கோப்பு உண்டு. எந்தக் கடிதம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அட்டவணை. கணக்கு பிசகினால், வங்கிக் கடிதத்தைச் சொடுக்கினால் உள்ளே புடவைத் தள்ளுபடி தெரியும். என்றைக்கோ அழித்தவர்கள் எழுந்து வந்து உட்காருவார்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய் ‘ரிப்பேர்’ கொடுத்தால் புது அட்டவணை தயாராகும். தொலைந்த கடிதம் அதனால் திரும்பாது என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நான் அதிகம் பயப்படுவது ஆன்டிவைரஸுக்கு. ஒரு கடிதத்தில் கிருமி என்று சந்தேகம் வந்தால் அது கோப்பைப் பிடித்து அடைக்கும், கோப்போ ஒன்றுதான். ஒருவன் செய்த குற்றத்துக்குத் தெருவே ஜெயிலுக்குப் போகும். அதனால் வந்தவர்களை இன்பாக்ஸில் தங்க விடுவதில்லை. ஆண்டுவாரியாகப் பிரித்து வேறு ஃபோல்டர்களுக்கு அனுப்பிவிடுவேன். சொந்தக்காரர்கள் விஷயத்தில் இந்தக் கண்டிப்பைக் காட்ட எனக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

பிரித்து வைப்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பழைய ஃபேட்32 வகை பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. அந்தக் காலத்து அவுட்லுக்கிலோ, 2002 பதிப்பு வரைக்கும், அஞ்சல் கோப்புக்கு 2 ஜிபிதான் எல்லை. எங்கள் சங்கச் செயலாளர் கூட்டக் குறிப்புகளை ஸ்கேன் செய்து அனுப்பும் வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? போதாததற்கு 3 எம்பி படம் மெயிலில் ஏறும்போது எழுத்துகளாக மாறி 4 எம்பிக்கு மேல் பெருத்துவிடும்.

காம்பேக்ட் நடுவில் கரண்ட் போகக்கூடாது என்பதற்காக யூபிஎஸ் வாங்கினேன். “மாவு அரைக்கறப்ப கரண்ட் போகுதே, அதுக்கு?” என்ற கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. ‘நிலுவை’ என்று ஒரு ஃபோல்டர் திறக்கலாம்.

போன வாரம் ஊரிலிருந்து வந்த மகன் திரையை எட்டிப் பார்த்தான். “அப்பா, ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்னு தனித்தனியா சேமிக்கிற முறையும் இதுல இருக்கே. மெயில்டிர்னு பேரு. அதை வெச்சுக்கிட்டா ஒரே ஃபைல் வீங்கற பிரச்சனையே கிடையாது.”

“அப்போ ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவுக்கு வேலையே இருக்காதா?” என்றாள் மனைவி, மிகவும் பிரியமாக.

“அது இன்னும் சோதனை நிலையிலதான் இருக்கு” என்றேன், அந்த வீட்டில் நான் எதற்கும் காட்டியிராத வேகத்தில்.