முட்டை மாவட்டத்தில் முட்டை ஆகாதா?

நாமக்கல்லில் முட்டை விலை ஐந்து காசு இறங்கினால் மறுநாள் விடிவதற்குள் மாநிலத்துக்கே தெரிந்துவிடும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும், பேப்பரில் வரும், டீக்கடையில் அலசுவார்கள். அதே ஊரில் பத்து மாதக் குழந்தைக்கு அரை ஸ்பூன் முட்டை ஊட்டி, கால் மணி நேரத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பினால்? அது சூடு. இல்லையென்றால் பல் முளைக்கிறது. அதுவும் இல்லையென்றால் கொசு. முட்டையாக மட்டும் இருக்கவே முடியாது. ஊருக்குச் சோறு போடும் பொருள்மீது பழி போடலாமா?

சாயங்கால கிளினிக் ஒன்றுக்கு வாருங்கள். ராசிபுரமோ திருச்செங்கோடோ, பெஞ்சுதான் வேறு, பேச்சு ஒன்று. டோக்கன் நாற்பத்தொன்று. அம்மா போனில் எடுத்து வைத்த போட்டோவை நீட்டுகிறார். டாக்டர் போட்டோவைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்க்கிறார். “இப்ப ஒண்ணுமில்லையே?”

“நேத்து முட்டை குடுத்துக் கால் மணி நேரத்துல வந்துச்சுங்க டாக்டர். போன வாரமும் இதேமாதிரிதான் ஆச்சுங்க.”

“கூகுள் பாத்துட்டு வந்தீங்களா?” என்று சிரித்துவிட்டு மாமியார் பக்கம் திரும்புகிறார். “பெரியவங்க நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதுங்களா? அம்மிணி ரொம்பப் பயப்படுது.” சீட்டில் மூன்று சிரப். செரிமானத்துக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, மூன்றாவது எதற்கென்று கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

இதே மாவட்டத்தில் கோழிக்கு நடக்கும் மரியாதையைப் பாருங்கள். 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. வெயில் ஏறினால் கோழிக்கு என்ன கொடுக்கலாம் என்று வானிலையோடு சேர்த்து ஆலோசனை வருகிறது. பண்ணையில் எச்சம் நிறம் மாறினால் கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “தீவனம் ஏதாச்சும் மாத்துனீங்களா?” பண்ணைக்காரர் சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்பார். கோழி பேசாது, கூட இருப்பவர்தான் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பத்து மாதக் குழந்தையும் பேசாது என்பதை மனித டாக்டருக்கு யார் சொல்வது?

இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 1912இல் நியூயார்க்கில் ஆஸ்கர் ஷ்லாஸ் என்ற குழந்தை மருத்துவர், முட்டையும் பாதாமும் ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுவனின் தோலைக் கீறி, உணவின் சாரத்தைத் தடவிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதியும் வைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் முதல் பரிசோதனை கேள்விகள்தான்: என்ன கொடுத்தீர்கள், எத்தனை நிமிஷத்தில் வந்தது, மறுபடி கொடுத்தபோதும் வந்ததா? மூன்றுக்கும் பதிலை அந்தப் பெண் கேட்காமலேயே சொல்லிவிட்டார்.

கொஞ்சம் படித்த டாக்டர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். “சீக்கிரமே குடுத்துப் பழக்கணும்னு லண்டன்ல ஆராய்ச்சியே இருக்குங்க” என்பார். இருக்கிறது. 640 குழந்தைகளிடம் நிலக்கடலையை வைத்துச் செய்து 2015இல் வெளியானது. தோல் பரிசோதனையில் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதுதான் அவர் படிக்காமல் விட்ட வரி. வராமல் தடுக்கச் சொன்ன வழியை, வந்துவிட்ட குழந்தைமேல் வீட்டு அடுப்படியில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உணவு ஒவ்வாமை எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. மைசூரு வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 0.14 சதவீதம்தான். சந்தேகப்படும் அம்மாக்களில் பலருடைய சந்தேகம் தவறாகவே இருக்கலாம். அதனால்தான் டாக்டர் வேண்டும்! அவர் சிரித்து அனுப்பினால் அந்த அம்மா சும்மா இருக்கமாட்டார். முட்டை, பால், கடலை என்று தானாகவே ஒவ்வொன்றாக நிறுத்துவார். குழந்தை எடை ஏறாது. அப்புறம் எங்காவது ஒரு லேபில் ‘ஐஜிஜி பேனல்’ என்று ஆயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டு, அரிசிகூட ஆகாது என்று ரிப்போர்ட் கொடுப்பார்கள். அது ஒவ்வாமைக்கான சோதனையே இல்லை. சாப்பிட்ட பொருளுக்கெல்லாம் ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருள் இருக்கத்தான் செய்யும். அடுத்து ஸ்பெஷல் பால் பவுடர் டின். அவநம்பிக்கையில் ஒரு வியாபாரம், பயத்தில் ஒரு வியாபாரம்.

குழந்தைக்கு மூச்சு வாங்கி ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினால்? “அவில் போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க.” அவில் அரிப்பை அடக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின்: கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். விலை மலிவான ஆம்பூல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும். அலமாரியில் இருக்கிறது, கைதான் எடுக்கப் பயப்படுகிறது.

அங்கன்வாடியில் இன்னொரு வேடிக்கை. ‘எங்க வீட்ல சைவங்க’ என்றால் மறுபேச்சில்லாமல் வாழைப்பழம். ‘எங்க புள்ளைக்கு முட்டை ஆகாதுங்க’ என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். நம்பிக்கைக்கு இருக்கும் விதிவிலக்கு மூச்சுக்குழாய்க்கு இல்லை. அந்தச் சீட்டைத்தான் எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டேன் என்கிறார்.

ஆகவே அம்மாக்களே, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது என்று தேதி போட்டு எழுதி, போட்டோவோடு கொண்டுபோங்கள். அப்போதும் சிரித்தால் சண்டை போட வேண்டாம். ‘இந்தக் குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை கிடையாது, தாராளமாகக் கொடுக்கலாம்’ என்று சீட்டில் எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டுத் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். தரும்வரை எழுந்திருக்காதீர்கள்.