மொட்டை மாடிப் பூப்பித்தர்

சென்னையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பெரும்பாலும் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை, செம்பருத்திக்கும் அரளிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழித்திருப்பார். ஒருநாள் குட்டியானை வண்டியில் ரோஜாச் செடி விற்றுக்கொண்டு வந்தார்கள். பேரம் பேசி ஒன்று வாங்கினார். வாங்கும்போது நாலு பூ. அந்த வாரமே நாலும் உதிர்ந்தன. அதற்குப் பிறகு பூப்பேனா என்றது செடி. ரோஷக்காரர், விடுவாரா? அன்றைக்குப் பிடித்தது பித்து.

அதிலிருந்து அந்த வீட்டில் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வெங்காயத் தோல், அரிசி களைந்த தண்ணீர் எல்லாமே மாடியேறின. மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊறவைத்த மீன் அமிலத்தைத் தெளித்த அன்று, கீழ் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் “சைவம்னு சொன்னீங்களே!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினார்கள்.

உரத்துக்கு ரோஜா மசிந்தது. தளதளவென்று ஆளுயரத்துக்கு ஒரு கிளை விட்டது. நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, “சார், இது ஒட்டுக்குக் கீழேருந்து வந்த காட்டுக் கிளை. விட்டா நல்ல ரோஜாவைத் தின்னுடும், வெட்டிடுங்க” என்றார். “வளர்த்த கையால எப்படிப்பா வெட்டறது?” என்று நம்மவர் கண் கலங்கினார். காட்டுக் கிளை இன்றும் சௌக்கியமாக இருக்கிறது. நல்ல ரோஜா போய்ச் சேர்ந்தது.

சித்திரை பிறந்தால் மல்லிகை. அக்னி நட்சத்திரத்தில் செடிகளுக்குப் பச்சை வலை கட்டிவிட்டு, தான் வெறுந்தலையோடு நிற்பார். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, குளிக்கிற தண்ணீரைப் பிடித்து மாடிக்குக் கொண்டுபோனார். செடிக்கு ஆகாது என்று வீட்டில் யாரும் சோப்புப் போடக் கூடாது. 2016-இல் வர்தா புயல் வந்தபோது தொட்டிகள் கூடத்துக்குள் வந்தன, சோபா வராந்தாவில் நனைந்தது.

மழை ஓய்கிற சமயத்தில் சாமந்திப் பிரச்சினை ஆரம்பமாகும். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். அடுத்த வீட்டுக்காரரோ மாடியில் விடிய விடிய விளக்கு எரிப்பவர். “சார், ராத்திரி லைட்டை அணைச்சீங்கன்னா எங்க சாமந்தி கொஞ்சம் தூங்கும்” என்று இவர் போய்ச் சொல்ல, அவர் அன்றே இரண்டாவது விளக்கும் போட்டார். விஞ்ஞானம் இவர் பக்கம்தான். ஆனால் விஞ்ஞானத்தைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?

இவர் பெருமையின் உச்சம் நிஷாகந்தி. அது பூப்பது இரவில், விடிந்தால் தொங்கிவிடும். ஆகவே ராத்திரி பதினொரு மணிக்குத் தெரு முழுவதற்கும் போன் பறக்கும். கைலியும் நைட்டியுமாகக் கொட்டாவி விட்டபடி எல்லோரும் மாடியேறுவார்கள். “பிரம்ம கமலம்! வேண்டிக்கோங்க!” என்று கற்பூரம் ஏற்றுவார். நிஜமான பிரம்ம கமலம் இமயமலையில் பூப்பது, இது மெக்ஸிகோ பக்கத்துக் கள்ளிச்செடி என்று தாவரவியல் படித்த மருமகன் ஒருமுறை சொன்னார். தலைதீபாவளிக்கு அழைப்பில் சற்றே சுருதி இறங்கியிருந்ததாகக் கேள்வி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இத்தனை பூத்தும் ஒரு பூவைப் பறிக்க விடமாட்டார் என்பதுதான் அந்த வீட்டின் நிரந்தர வழக்கு. மல்லிகையை மொட்டாகப் பறித்தால்தான் தொடுக்க முடியும். விட்டால் ராத்திரியே செடியில் மலர்ந்து, மறுநாள் பழுத்துக் கொட்டிவிடும். அவருக்கும் தெரியும். “ஏங்க, சாமிக்காவது நாலு...” என்று மனைவி ஆரம்பித்தால், “சாமிக்குக் கண்ணில்லையா? மாடிக்கு வந்து பார்க்கட்டும்” என்பார். அந்த அம்மாள் தெருமுனைப் பூக்காரியிடம் தினமும் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு, மல்லிகை உதிர்ந்து கிடக்கும் மாடியில் துணி உலர்த்தப் போகிறாள். என் ஓட்டு அந்த அம்மாளுக்கே.

உங்கள் தெருவிலும் இவர் இருந்தால் பகைத்துக்கொள்ளாதீர்கள். பதியன் கேளுங்கள், தருவார். விதை கேளுங்கள், பொட்டலம் கட்டித் தருவார். கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசினால் மண்புழு உரமும் கிடைக்கும். பூ மட்டும் கேட்டுவிடாதீர்கள்.