ஸ்டூலில் உட்காராத டிரம்மர்

ஹான் பென்னிங்க் முதன்முதலில் வாசித்த வாத்தியம் சமையலறை நாற்காலி. 1942இல் நெதர்லாந்தின் சாண்டாம் ஊரில் பிறந்தவர். அப்பா ஆர்கெஸ்ட்ராவில் தாளவாத்தியக்காரர். பையனுக்கு அவர் நிஜமான டிரம் கொடுத்தது கலை வளர்க்கவா, மரச்சாமான்களைக் காப்பாற்றவா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரண்டாவதுதான் என்றால் மனிதர் தோற்றுப்போனார். எழுபதைத் தாண்டிய பிறகும் மகன் மேடையில் கிடைத்த எதையும் சும்மா விட்டதில்லை.

அறுபதுகளில் அமெரிக்க ஜாஸ் மேதைகள் பலர் ஐரோப்பாவுக்குத் தனியாளாக வருவார்கள். பக்கவாத்தியத்துக்கு உள்ளூரில் ஆள் பிடிப்பார்கள். விமானக் கட்டணம் மிச்சம். நெதர்லாந்தில் அப்படிப் பிடிபட்டவர் பென்னிங்க். டெக்ஸ்டர் கார்டன், வெஸ் மான்ட்கோமரி என்று வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்தார். 1964 ஜூன் 2 அன்று ஹில்வெர்சமில் எரிக் டால்ஃபிக்கு வாசித்தார். பியானோவில் மிஷா மெங்கல்பெர்க். அதே மாதம் 29ஆம் தேதி பெர்லினில் டால்ஃபி இறந்துபோனார். சர்க்கரை வியாதி, வயது 36. ரெக்கார்டு கம்பெனி ஹில்வெர்சம் பதிவுக்கு ‘லாஸ்ட் டேட்’ என்று பெயர் சூட்டி விற்றது. உண்மையில் டால்ஃபி அதற்கப்புறம் பாரிஸிலும் வாசித்திருக்கிறார். ஆனால் ‘கடைசிக்கு முந்தையது’ என்று அட்டையில் போட்டால் எவன் வாங்குவான்?

1967இல் சானி ரோலின்ஸ் வந்தார். அவரோடு பென்னிங்க் வாசித்த பதிவு 2020இல்தான் முறையாக வெளியே வந்தது. சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள பியானோகூடக் கிடையாது. ரோலின்ஸ் ஓடுகிற ஓட்டத்துக்கு இருபத்தைந்து வயதுப் பையன் ஓர் அடி பிந்தவில்லை. அப்பழுக்கில்லாத ஸ்விங், ஜாஸின் அந்தத் துள்ளுநடை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே ஆண்டில் பென்னிங்க், மெங்கல்பெர்க், சாக்ஸபோன்காரர் வில்லெம் ப்ராய்கர் மூவரும் சேர்ந்து ‘இன்ஸ்டன்ட் கம்போசர்ஸ் பூல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உட்கார்ந்து எழுதினால்தான் இசையமைப்பா, மேடையில் அந்த நிமிடத்தில் தோன்றுவதும் இசையமைப்புதான் என்பது கொள்கை. மெங்கல்பெர்க் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. தாத்தா முறையான வில்லெம் மெங்கல்பெர்க், ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவை ஐம்பது வருஷம் ஒரு குச்சியால் கட்டி ஆண்டவர். பேரனோ, தான் வளர்த்த கிளியோடு டூயட் வாசித்து அதை இசைத்தட்டாகவும் போட்டார். வம்ச விருத்தி என்றால் இதுதான்.

பென்னிங்கும் மெங்கல்பெர்க்கும் பல பத்தாண்டுகள் ஜோடியாக மேடையேறினார்கள். பொன்விழா கொண்டாடிய புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் நடந்துகொள்வார்கள். ஒருவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் மற்றவர் பாத்திரத்தை உருட்டுவார். மெங்கல்பெர்க் தூக்கம் கலையாத முகத்தோடு இரண்டு ஸ்வரம் வைத்து யோசிப்பார். மூன்றாவது வருவதற்குள் பென்னிங்க் இடிபோல் இறங்கிவிடுவார். மெங்கல்பெர்க் அலட்டிக்கொள்ளாமல் சத்தம் ஓயக் காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

1968 மே மாதம் ப்ரெமனில் ஜெர்மன்காரர் பீட்டர் ப்ராட்ஸ்மன் ‘மெஷின் கன்’ என்ற ஃப்ரீ ஜாஸ் பதிவுக்குத் தன்னையும் சேர்த்து எட்டுப் பேரைத் திரட்டினார். மூன்று சாக்ஸபோன், இரண்டு பாஸ், ஒரு பியானோ, இரண்டு டிரம்மர். பென்னிங்க் ஒருவர் இருந்தும் இன்னொரு டிரம்மர் வேண்டும் என்று நினைத்த மனதை என்னவென்று சொல்வது! முதலில் போட்டது 300 பிரதிதான். அப்போதே வாங்கினேன் என்று இன்று சொல்கிறவர்களை நிறுத்தினால் வரிசை ப்ரெமனைத் தாண்டிப் போகும்.

ஃப்ரீ ஜாஸ் பண்டிதர்கள் அந்த நாளில் ரொம்பக் கண்டிப்பானவர்கள். தாளம் ஒரு சிறை, ஸ்விங் ஒரு விலங்கு, சிரித்தால் குற்றம். பென்னிங்க் விடுதலைப் படையில் சேர்ந்தார், ஆனால் தாளத்தைப் பையில் ஒளித்துக் கூடவே எடுத்துப் போனார். சிம்பலைத் தரையில் எறிவார், குச்சியை வாயில் கவ்விக்கொண்டு இன்னொரு குச்சியால் அதையே தட்டுவார், ஸ்டூலை விட்டிறங்கித் தரையில் சம்மணமிட்டுப் பலகையை அடிப்பார். கூத்து என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கவனித்தால் உங்கள் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ரோலின்ஸோடு ஓடிய அதே கால்கணக்கு. காலைத் தூக்கி டிரம்மின் மேல் வைப்பதும் வெறும் சேட்டை இல்லை. குதிகாலை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவரிடம் மாட்டியதற்கு மிதியும் சேர்த்து.

1977இல் இவரும் ப்ராட்ஸ்மனும் டேப் ரெக்கார்டரோடு ஜெர்மனியின் கருங்காட்டுக்குள் போய் மரத்தையும் தண்ணீரையும் அடித்து ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்ஃபார்ட்’ என்ற தட்டைக் கொண்டுவந்தார்கள். பறவைகளும் அதில் குரல் கொடுக்கின்றன. பாராட்டா புகாரா என்று தெரியவில்லை. இன்னொரு சமயம் உருண்டை உருண்டையாகச் சீஸை அடுக்கி டிரம் செட்டாக்கி வாசித்தார். சீஸுக்குப் பேர்போன தேசத்தில் யாராவது ஒருவர் செய்துதானே ஆகவேண்டும்.

ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்பதால் தட்டுகளின் அட்டைகளையும் தானே வரைந்துகொண்டார். மெங்கல்பெர்க் 2017இல் காலமானார். பென்னிங்க் பிற்காலத்தில் மூட்டை முடிச்சைக் குறைத்து, பல கச்சேரிகளுக்கு ஒற்றை ஸ்னேர் டிரம்மோடு போய் நின்றார். கச்சேரி ஏற்பாடு செய்தவர்கள் செலவு குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள், மிச்ச வாத்தியம் தங்களுடைய சுவரும் தரையும் கதவும்தான் என்று தெரியவரும் வரை.