மைனருக்கு ஹீட்டர் தேடும் மனே!

என்ன மனே, மொரிஸ் மைனர் வாங்கப் போறாயாம்? நல்லம், வாங்கு. கையில என்னடா அவ்வளவு பெரிய கடதாசி? எந்த வருஷம், எந்தக் கண்ணாடி, எந்த சிக்னல், ஹீட்டர் இருக்கா இல்லையா... பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கிற ஊட்டிலயும் இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க.

ஹீட்டரா? நிந்தவூருல? பங்குனி வெயிலுல வீதித் தாரே உருகுது, நீ காருக்குள்ள சூடு கேக்கிறாய். வெள்ளக்காரன் குளிருக்குப் பயந்து ஹீட்டருக்கெண்டு தனியாக் காசு கட்டி வாங்கினான். இஞ்ச வந்த கார்ல அது இல்லாட்டி கொண்டு வந்தவனுக்குப் புத்தி இருந்திருக்கு எண்டு நினை. நீ என்னடாண்டா "ஃபெக்டரி ஒப்ஷன்" குறையுதாம் எண்டு மூஞ்சியத் தூக்கிறாய்.

மறுகா அந்த வருஷக் கணக்கு. 1948ல மைனர் முதல் வெளிய வரக்குள்ள ஹெட்லைட்டு தாழ, கிறில்லுக்குள்ள இருந்திச்சு. அமெரிக்காச் சட்டம் அவ்வளவு தாழ வைக்க விடல்ல. அதால மட்காட்டுக்கு மேல ஏத்தினான். இப்ப பாரு, சட்டத்துக்கு ஆகாத அந்தத் தாழ்ந்த லைட்டுக்குத்தான் "லோ லைட்" எண்டு பேரு வச்சுக் கூட விலை சொல்றாங்க. நீயும் தலையாட்டுறாய்.

பொனட் நடுவில ஒரு பட்டை ஓடுதே, அத "டிசைன்" எண்டாய் அண்டைக்கு. டிசைனுமில்ல, ஒண்டுமில்ல. காரு ஒடுக்கமாத் தெரியுது எண்டு இசிகோனிஸ் எங்கிற அந்த வரைஞ்ச மனிசன் மாதிரிக் காரை நடுவால வெட்டி, நாலு அங்குலம் அகட்டி வச்சான். பம்பர் ஏற்கெனவே செஞ்சு முடிஞ்சு கிடந்திச்சு. அதையும் அறுத்து நடுவில ஒட்டுப் போட்டான். இஞ்ச ஒட்டுப் போட்ட பம்பரோட திரிஞ்சா "கஞ்சன்" எண்பீங்க. அங்க போட்டா வரலாறாம்.

1960 கடைசியில பத்து லட்சமாவது மைனர் முடிஞ்சிச்சு. அந்தப் பெருமைக்கு 350 காரு தனியாச் செஞ்சான். வெளிர் ஊதா நிறம், வெள்ளத் தோல் சீட்டு. "மைனர் 1000" எண்ட பட்டயத்தில இன்னும் மூணு சைபர் கூட்டி "1000000" எண்டு போட்டான். எஞ்சின்? அதே 948 சீசீ. அதே 37 குதிரை. மூணு சைபர் கூடினா களியோடைப் பாலத்தைக் கெதியாக் கடக்கலாமா மனே?

நீ மட்டுமில்ல, அமெரிக்காக்காரனும் இப்பிடித்தான். 1964ல பொன்டியாக் ஜி.டி.ஓ. எண்டு ஒண்டு வந்திச்சு. அது தனிக் காரே இல்ல. லெமான்ஸ் எண்ட காரை வாங்கிற ஆள் மேலதிகமாக் காசு கட்டி எடுக்கிற ஒப்ஷன். ஆனா அவன் குடுத்த காசுக்கு 6.4 லீற்றர் எஞ்சினாவது கிடைச்சிச்சு. உனக்குக் கிடைக்கிறது கை நீட்டுற சிக்னல். கதவுத்தூணுக்குள்ள இருந்து சின்னக் கையொண்டு வெளிய வரும், சிலவேளை வராது. 1961லயே கைவிட்டிட்டான். கல்முனைச் சந்தியில ஆட்டோக்காரன் அதப் பாத்தா வழி விடுவான் எண்டு நினைக்கிறாய்?

நம்பர் பிளேட்டும் பழசு வேணுமாம். 1957ல சிங்கள ஸ்ரீ நம்பர் வரக்குள்ள நாட்டில தார் வாளியோட திரிஞ்சாங்க, அந்த எழுத்த அழிக்க. நீ அதே எழுத்துக்கு மேல காசு வச்சுக் குடுக்கிறாய். காலம் பாத்தியா?

மட்காட்டும் "ஒரிஜினல் இங்கிலாந்துத் தகடு" தானாம். அட பொடியா, 1990கள்ல இங்கிலாந்துக்காரனே மைனர் தகட்ட இலங்கையில அடிச்சுத்தான் அங்க எடுத்தான். அங்க போன எங்கட தகட்டுக்குக் கப்பல் கூலி குடுத்துத் திருப்பிக் கொண்டு வரப் போறாயா?

இவ்வளவு கேட்டியே, முன் சில்லைப் பத்தி ஒரு சொல் கேட்டியா? மைனருட முன் சில்லு, மேலயும் கீழயும் மரை போட்ட ரெண்டு துண்டிலதான் திரும்புது. அதுக்குக் கிறீஸ் அடிச்சுக்கிட்டே இருக்கணும். அடிக்காட்டி மரை தேஞ்சு, ஒரு நாள் கழண்டு, சில்லு மடிஞ்சு, காரு மூக்க மண்ணில குத்தும். கிறீஸ் நிப்பிள் உண்ட கடதாசியில எங்கயும் இல்லையே? பின்ன, அதுக்கு நிறமுமில்ல, பட்டயமுமில்ல.

வாப்பாக்குப் போடியார்மாரோட பழக்கம். அவங்க மைனர்ல வட்டைக்குப் போவாங்க, நெல் மூட்டை ஏத்துவாங்க, கிறீஸ் அடிப்பாங்க. எந்த வருஷக் காரு எண்டு கேட்டா வாங்கின வருஷத்தச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்.

எங்கட கடல் காத்து உப்புக் காத்து மனே. மைனருக்குத் தனிச் சேசி இல்ல, பொடியே சேசி. அடித்தகடு துருப் பிடிச்சா அதுக்குப் பிறகு நீ ரோட்டுல இருக்காய், காரு எங்கேயோ இருக்கு. அதால பட்டயத்தப் பிறகு பாரு. பார்க்கப் போற அண்டைக்குப் பழைய சாரமொண்ட உடுத்துக்கிட்டுப் போ, காருக்குக் கீழ படு. சின்னச் சுத்தியலால அடித்தகட்டத் தட்டு. முன் சில்லத் தூக்கச் சொல்லி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. புறோக்கர் "அதெல்லாம் எதுக்குத் தம்பி, இந்த ஹீட்டரப் பாருங்க" எண்டு உன்ன எழுப்பப் பாத்தா, எழும்பாத. இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போய்த் தட்டு.