மலைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு மழை?

கேள்வி: அரபிக்கடல் காற்றை வைத்துப் புனேயின் மழையைக் கணக்குப் போடுகிறார்களாமே, நம்பலாமா?

பதில்: எதற்காக நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகளாவிய பருவநிலை மாதிரிகள் பல, பூமியைச் சுமார் நூறு கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டுகின்றன. மகாபலேஸ்வரும் புனேயும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். இடைவெளி நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்தான். மகாபலேஸ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலை மறைவிலுள்ள புனேயில் 700 சொச்சம். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் எந்த ஊருக்கும் பொருந்தாத மழை கிடைக்கும். அதனால்தான் காற்றழுத்தம், காற்றின் திசை, மேலடுக்கு ஈரப்பதம் ஆகியவற்றின் பழைய பதிவுகளை, புனேயின் சிவாஜிநகர் போன்ற நிலையங்களின் மழைமானிக் கணக்கோடு பொருத்தி உறவைக் கண்டுபிடித்து, மாதிரி சொல்லும் எதிர்காலக் காற்றுக்கு அதைப் பொருத்துகிறார்கள். மாதிரிக்குக் காற்றோட்டம் ஓரளவு பிடிபடும். சஹ்யாத்ரி மலையின் சரிவு பிடிபடாது. அந்தக் குறையை மழைமானி தீர்க்கிறது.

பூமி சூடானால் பழைய உறவு செல்லுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சில ஆண்டுகளை ஒதுக்கிவைத்து, அவற்றின் மழையை அந்த உறவு சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கலாம். சூட்டோடு மாறும் ஈரப்பதத்தைச் சேர்க்காத கணக்கை ஒதுக்கலாம். முழு உத்தரவாதம் கிடையாது. பெருமழையைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு பலவீனம். அப்படியானால் நுண்கட்ட மாதிரியே போதாதா? புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு முறைக்கு 6 கிலோமீட்டர் கட்டம்தான். ஆனால் அது நாள்கணக்கிலான முன்னறிவிப்புக்கு. ஐம்பது ஆண்டுகளைப் பல மாதிரிகளில் அப்படி ஓட்டக் கணினிச் செலவு கட்டுப்படியாகாது.

புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா அணையின் எதிர்காலத்தைத் திட்டமிட இந்தப் புள்ளியியலை நம்புங்கள். நாளைக்குக் குடை எடுப்பதா என்பதற்கு, இன்றைய வானிலை அறிக்கையைப் பாருங்கள்.